மூன்றாம் நம்பர் அறைக்காரர்

ஸல்ஹா வரும்போது கையில் எப்போதும் ஒரு மருந்துப் போத்தல் இருக்கும். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை குறிஞ்சாக்கேணியிலிருந்து விடியவே புறப்படுவாள். கிண்ணியாத் துறையில் பஸ்ஸையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றுகிற மிதவையில் அக்கரை சேர்ந்து, திருகோணமலை ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, இடுப்பு நோவென்று சொல்லி, கொண்டுவந்த போத்தலில் சிவப்பு மருந்தை வாங்கிக்கொள்வாள். பிறகு அங்கிருந்து வெயிலில் நடந்து லோஞ்சடிக்கு வருவாள். இடுப்பு நோவு உண்மைதானா என்று எனக்குத் தெரியாது. பாதியாவது உண்மையாக இருக்கலாம்.

மூதூருக்குக் கடல் வழியே போகிற லோஞ்ச் புறப்படுகிற இடத்துக்கு எதிரே உள்ள ஒழுங்கையில்தான் அபூதாஹிர் காக்காவின் ஐந்து அறை விடுதி இருந்தது. கடைசி லோஞ்சைத் தவறவிட்டவர்களும், கச்சேரி, வழக்குக் கோடு என்று அலுவலாக வந்தவர்களும் அங்கே தங்குவார்கள். முதலாம் அறையில் நான் மாத வாடகைக்கு இருந்தேன். பகலில் ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை, பொழுதுபட்டால் ஆங்கில வகுப்பு. சனிக்கிழமை அரைநாள்தான் வேலை. காக்காவுக்குக் கண் மங்கிவிட்டதால், அன்று பின்னேரங்களில் வந்தவர்களைப் பதிவுப் புத்தகத்தில் நான் எழுதிக்கொடுப்பேன். பெயர், ஊர், வந்த காரியம், கூட வந்தவர் யார், வந்த நேரம், போன நேரம். ஒன்றும் விடாமல் எழுதுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

ஸல்ஹாவும் அவளோடு வந்தவனும் முதலில் வந்தது எழுபத்துநாலாம் ஆண்டு சித்திரை மாதம். முன்னால் வந்து நின்றவன் அலியார். துறைமுகத்தில் கப்பலிலிருந்து வள்ளத்துக்கு மா மூட்டை இறக்குகிற வேலை அவனுக்கு. முகம் கழுவித்தான் வந்திருந்தான், ஆனாலும் காது மடலில் வெள்ளை மா ஒட்டியிருந்தது.

"ஒரு அறை வேணும் காக்கா. அஞ்சு மணி பஸ் வாற மட்டும்."

"ரெண்டு பேருக்கா? அந்தப் புள்ள ஆரு?"

அலியார் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஸல்ஹா சீலைத் தலைப்பை வாயோடு பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றாள்.

"தங்கச்சி," என்றான். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்த. வெயிலுக்குத் தலை சுத்துதாம். கொஞ்சம் சாயட்டும்."

"அல்லாவே, கூட்டிப் போங்க, கூட்டிப் போங்க. தம்பி, எழுதுங்க."

கூட வந்தவர், சகோதரி என்று எழுதினேன்.

காக்காவின் மனைவி றுக்கியா ராத்தா அன்றைக்கே உண்மையைக் கண்டுபிடித்துவிட்டார். குசினி வாசலில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்ணால் கூப்பிட்டார்.

"தம்பி, உங்களுக்குத் தங்கச்சி இரிக்கா?"

"ரெண்டு பேர், ராத்தா."

"உங்களுக்குப் பின்னால நடந்து வரக்குள்ள அவங்க உங்கட முதுகைப் பாத்தா நடப்பாங்க?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லை. கடைகளைப் பாத்துக்கொண்டு வருவினம்."

"ம். இந்தப் புள்ள முதுகைப் பாத்து நடக்குது."

"அப்ப நான் பொய்யையெல்லோ எழுதிப்போட்டன்?"

"நீங்க என்ன, கலியாணம் பதியிற ஆளா? செல்லினதை எழுதினீங்க. பேசாம இரிங்க. இந்த மனிசனுக்கிட்டயும் செல்லிராதீங்க. அவருக்கு வாயில கதை தங்காது."

அடுத்தடுத்த மாதங்களில் ஸல்ஹா, அறைக்குப் போகுமுன் குசினியில் தண்ணீர் குடிக்கிற சாட்டில் ராத்தாவோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். ராத்தா எனக்குச் சொன்னதை வைத்து எழுதுகிறேன். நானாகச் சேர்த்தது ஏதும் இருந்தால் அது என் பிழை.

அந்தப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கொடுக்க வேண்டியது தகப்பனின் கடமை. ஸல்ஹாவின் வாப்பா ஸைனுலாப்தீன் மூத்தவளான இவளுக்கென்று வளவின் ஓரத்தில் அத்திவாரம் போட்டார். பிறகு சீமெந்து கிடைக்கவில்லை. அத்திவாரத்துக்குள் எருக்கலை முளைத்தது. ஸல்ஹாவும் அவள் புருஷன் அலியாரும் பழைய வீட்டில் இருந்த ஒரே அறையில் ஐந்து வருடம் இருந்தார்கள். முந்தின வருடக் கடைசியில் இளையவள் பரீனாவுக்குக் கலியாணம் முடிந்தது. புது மாப்பிள்ளை வந்தால் அறை அவருக்குத்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஸல்ஹாவே தன் பாயைச் சுருட்டிக்கொண்டு உம்மாவோடு குசினிக்குப் போனாள். அலியார் மாமனாரோடு விறாந்தைக்குப் போனான். எட்டு மாதமாக, எட்டுப் பேர் இருக்கிற அந்த வீட்டில் அவர்கள் தனியே ஒரு சொல் பேசிக்கொண்டதில்லை.

புருஷனும் பெண்சாதியும் என்று சொல்லியே அறை எடுத்திருக்கலாம். ஆனால் காக்காவுக்குக் கிண்ணியாவில் பாதிப் பேரைத் தெரியும். வீடு பத்து மைலில் இருக்க, கட்டின பெண்சாதியைப் பட்டப்பகலில் விடுதிக்குக் கூட்டிவந்தவன் என்று கதை போனால் ஊர் கோபிக்காது, சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அலியார் அவளைத் தங்கச்சியாக்கினான்.

ஆவணி இரண்டாம் சனிக்கிழமை கச்சான் காற்று காலையிலிருந்தே அனலாக அடித்தது. ஒழுங்கை மணல் விறாந்தைச் சீமெந்தில் ஏறிக் கிடந்தது. அலியாரும் ஸல்ஹாவும் பன்னிரண்டரைக்கு வந்து மூன்றாம் அறைக்குப் போனார்கள். அவள் கையில் அன்று போத்தலோடு ஒரு துணிப் பொட்டலமும் இருந்தது. நான் வந்த நேரத்தை எழுதினேன். சகோதரி என்று ஐந்தாவது தடவையும் எழுதினேன்.

அது அரிசி இல்லாத காலம். ஒன்றிரண்டு கொத்து அளவுக்கு மேல் ஊர் விட்டு ஊர் கொண்டுபோனால் பிடிப்பார்கள். முதல் நாள் லோஞ்சடியில் ஒரு கடைக்குப் பின்னால் நாலு மூட்டை நெல் பிடிபட்டிருந்தது. அதனால் பொலிஸ் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு மணி பத்துக்கு வந்தார்கள். இராசையா என்கிற சார்ஜனும் ஒரு கொன்ஸ்தாபலும். முன்மண்டபத்தில் கிண்ணியாத் துறையில் பீடிக்கடை வைத்திருக்கிற ஒருவர் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அவர் காலை மடக்கிக் கதிரையில் ஏற்றிக்கொண்டார்.

என் அறைதான் முதலாவது. அவர்கள் கேட்குமுன்பே நான் கதவைத் திறந்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கொன்ஸ்தாபல் அலுமாரியைத் திறந்தான், மெத்தையைத் தூக்கினான், பிறகு மேசையில் கிடந்த என் நாட்குறிப்புக் கொப்பியை எடுத்துப் புரட்டினான்.

"என்ன ஐசே, நாள் தவறாமல் எழுதுறீர் போல? 'இண்டைக்கும் கமலேஸ்வரி வகுப்புக்கு வரவில்லை.' ஆர் காணும் கமலேஸ்வரி?"

சார்ஜன் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்.

இரண்டாம் அறை வெறுமையாக இருந்தது. மூன்றாம் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"உதுக்குள்ள ஆர்?" என்று சார்ஜன் கேட்டார்.

"ஒரு வருத்தக்காரப் புள்ளயும் அவட கூடப்பிறந்த காக்காவும், ஐயா," என்றார் அபூதாஹிர் காக்கா. "குறிஞ்சாக்கேணி."

"குறிஞ்சாக்கேணியெண்டால் வயல்காரர். திறவுங்கோ."

"உள்ளுக்கால கொண்டி போட்டிரிக்கு. தட்டுவம் ஐயா. நான் ஓமெண்டு செல்றன், நீங்க போய்ப் பாருங்க. என்ட விடுதிதானே."

"என்னத்துக்கு ஓமெண்டு செல்றீங்க?"

றுக்கியா ராத்தா குசினியிலிருந்து வந்திருந்தார். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

"நீ உள்ள போ."

"அஞ்சு மணி மட்டும் அந்த அறை அவங்கட. நான் கூட்டப் போறெண்டாலும் வெளியில நிண்டு கேட்டுத்தான் போற. அவங்களுக்குப் பதிலா ஓமெண்டு செல்ல நீங்க ஆரு?"

"வீட்டுக்காரன்டி நான்!"

"வீடு உங்கட. அறை அவங்கட."

சார்ஜன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "அக்கா எங்க சட்டம் படிச்சனீங்கள்?"

"நான் பள்ளிக்கூடமே ஒழுங்காப் போகல்ல ஐயா. உங்கட பொண்சாதி கொழும்புக்குப் போய் ஒரு விடுதியில சாஞ்சிருக்கக்குள்ள, விடுதிக்காரன் ஓமெண்டான் எண்டு பொலிஸ் உள்ளுக்குப் போனா நீங்க என்ன செய்வீங்க?"

"என்ர மனிசி விடுதியில நிக்கிறேல்லை."

"நிண்டா எண்டு வைங்களன். கோட்டால தந்த கடுதாசி இரிக்கா உங்கட்ட?"

"அரிசி தேடக் கடுதாசி தேவையில்லை," என்றார் சார்ஜன். அவருக்கே அது முழு நிச்சயமில்லை என்று எனக்குப் பட்டது. எனக்கும் தெரியாது. கந்தோரிலும் வகுப்பிலும் எவ்வளவோ படித்தேன், இதை யாரும் சொல்லித்தரவில்லை.

"றுக்கியா, லைசென்ஸ் போயிரும்," என்றார் காக்கா. "பேசாம இரி."

சார்ஜன் அவர்களுக்கு நடுவே நிற்க விருப்பமில்லாதவர்போல மேசைக்குப் போய்ப் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். விரலை வைத்து மெல்ல வாசித்தார். பிறகு முன் பக்கங்களைப் புரட்டினார். அவருடைய முகம் மாறியது.

"உது ஆற்ற எழுத்து?"

"என்ர எழுத்து," என்றேன்.

"வடிவான எழுத்து. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. இண்டைக்கும். மாதம் தவறாமல் ரெண்டாஞ் சனி. பன்னிரண்டரைக்கு வந்து நாலே முக்காலுக்குப் போயிருக்கினம். அண்ணனும் தங்கச்சியும் உள்ளுக்குக் கொண்டி போட்டுக்கொண்டு நாலு மணித்தியாலம்?"

கொன்ஸ்தாபல் தொண்டைக்குள் சிரித்தான். பீடிக்கடைக்காரர் காலைக் கதிரையிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்தார்.

"அவை புருஷன் பெண்சாதி ஐயா," என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் எழுதியவன் நான். எழுதியதே பொய்யென்றால் சொல்வதை யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். அதுதான் காரணமா, வெறும் பயமா, இப்போதும் பிரித்துச் சொல்ல எனக்கு ஏலாது.

சார்ஜன் பொல்லால் கதவில் மூன்று தரம் தட்டினார்.

உள்ளே பாய் சரசரத்தது. பிறகு கொண்டி விழுந்தது. அலியார் சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினான். வலக்கை விரல்களில் சோறு ஒட்டியிருந்தது.

"என்ன ஐயா?"

"உள்ளுக்கு ஆர்?"

அலியார் சார்ஜனைப் பார்த்தான், காக்காவைப் பார்த்தான், மண்டபத்தில் இருந்த பீடிக்கடைக்காரரைப் பார்த்தான். அவரைக் கண்டதும் அவன் முகம் செத்துவிட்டது. தினமும் துறை கடக்கையில் அவரிடம் பீடி வாங்குகிறவன் அவன்.

"தங்கச்சி ஐயா."

"என்ன?"

"தங்கச்சி. வருத்தம்."

"ஐசே, வடிவா யோசிச்சுச் சொல்லும். தங்கச்சியெண்டால் நான் உம்மை இப்படியே கொண்டுபோக வேண்டி வரும்."

அலியார் தலையைக் குனிந்துகொண்டான். றுக்கியா ராத்தா நெற்றியில் கையை வைத்தார். அப்போது அவனுக்குப் பின்னால் கதவு திறந்தது.

ஸல்ஹா தலையை மூடிக்கொண்டு நின்றாள். கண் மட்டும்தான் தெரிந்தது.

"பொய் செல்றார் ஐயா," என்றாள். "நான் இவர்ர பொண்சாதி."

காற்றுக்கு எங்கோ ஒரு தகரம் அடித்துக்கொண்டது.

"என்ட பேரு ஸல்ஹா. வாப்பாட பேரு ஸைனுலாப்தீன். குறிஞ்சாக்கேணி. வாற மாசி வந்தா கலியாணம் முடிச்சு ஆறு வருசம். பள்ளிவாசல்ல பதிவு இரிக்கு. போய்க் கேளுங்க."

"கேட்டா உங்கட ஊருக்கே தெரியவருமே, பிள்ளை," என்றார் சார்ஜன். அவர் குரல் இறங்கிவிட்டது.

"தெரியட்டும். பொண்சாதியோட அறை எடுத்த எண்டு கதைச்சா கதைக்கட்டும். தங்கச்சியோட எண்டு கதைக்க விட ஏலா." அவள் மண்டபத்தில் இருந்த பீடிக்கடைக்காரரை நேராகப் பார்த்தாள். "அந்தா காக்கா இரிக்கார். எங்கட வாப்பாவைத் தெரியும் அவருக்கு. கேளுங்க."

பீடிக்கடைக்காரர் எழுந்து நின்றார். "ஓம் ஐயா," என்றார். "ஸைனுலாப்தீன்ட மூத்த மகள்தான். இது மருமகன்தான்." பிறகு, "ஆனா வீடு இரிக்கே இவங்களுக்கு..." என்று தொடங்கினார்.

"வீடு இரிக்கு காக்கா," என்றாள் ஸல்ஹா. "அறை இல்ல."

சார்ஜன் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார், எதையும் எழுதாமல் மூடினார். ஆனால் வந்த வேலையை முடிக்க வேண்டும் என்று நினைத்தாரோ, கொன்ஸ்தாபலின் முன்னால் திரும்பிப்போக வெட்கமோ, "அரிசி இருக்கோ எண்டு மட்டும் பார்," என்றார்.

"பாக்கலாமா எண்டு இந்தப் புள்ளக்கிட்டக் கேளுங்க," என்றார் றுக்கியா ராத்தா.

சார்ஜன் ராத்தாவைப் பார்த்தார். பிறகு ஸல்ஹாவிடம், "பாக்கலாமோ, பிள்ளை?" என்று கேட்டார்.

அவள் விலகி நின்றாள். கொன்ஸ்தாபல் உள்ளே போனான். கதவு அகலத் திறந்திருந்ததால் எங்கள் எல்லாருக்கும் அறை தெரிந்தது. நான் பார்த்திருக்கக் கூடாது. கட்டிலில் விரித்திருந்த பூப்போட்ட சீலை வீட்டிலிருந்து கொண்டுவந்தது. யன்னல் படியில் ஒரு சின்னக் கண்ணாடியும் பவுடர் டின்னும். நிலத்தில் பாய், பாயின் மேல் ஒரே ஒரு பீங்கான் தட்டு. அதில் சோறும், முள் எடுத்து ஒதுக்கி வைத்த மீனும் இருந்தன. இரண்டு பக்கத்திலிருந்தும் சோறு குறைந்திருந்தது. பொட்டலத்தைக் கட்டிவந்த துணியைக் கொன்ஸ்தாபல் உதறிப் பார்த்தான். அதில் கட்டிவந்த சட்டியைத் திறந்து மணந்தான்.

"சோறு கிடக்கு சேர். சிறுபோகத்துப் புது அரிசி."

"எவ்வளவு?"

"ரெண்டு பேர் சாப்பிட்டாக் காணும்."

"சமைச்ச சோத்துக்குச் சட்டமில்லை. வெளியில வாரும்."

அவன் வெளியே வரும்போது பூட்ஸ் கால் பாயின் ஓரத்தை மிதித்து மணலை விட்டுவந்தது. சார்ஜன் தொப்பியைப் போட்டுக்கொண்டார். நாலாம் ஐந்தாம் அறைகளைப் பார்க்கவில்லை. வாசலில் நின்று, "உந்தப் புத்தகத்தைத் திருத்தி எழுதும்," என்று எனக்குச் சொன்னார். ஒழுங்கையில் போகும்போது கொன்ஸ்தாபல் ஏதோ சொன்னான். சார்ஜன் அவனை ஏசினது கேட்டது.

பீடிக்கடைக்காரர் மூன்று மணி பஸ்ஸுக்கு எழும்பினார். போகும்போது அலியாரைப் பார்க்காமல், "நான் ஒண்டும் கதைக்க மாட்டன்," என்றார். அவர் நல்லவர்தான். ஆனால் துறையில் ஒரு மணித்தியாலம் மிதவைக்குக் காத்திருக்க வேண்டும், அங்கே பேச்சைத் தவிர வேறு வேலை இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். ஸல்ஹாவுக்கும் தெரியும். அவள் அவர் போன வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காக்கா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, "என்னட்ட உண்மையைச் செல்லியிருக்கலாமே அலியார்," என்றார்.

"செல்லியிருந்தா சிரிச்சிருப்பீங்க," என்றார் ராத்தா.

காக்கா பதிவுப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "ஓம், சிரிச்சிருப்பன்," என்றார்.

அலியார் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். கையில் ஒட்டிய சோறு காய்ந்துவிட்டது. "ஸல்ஹா," என்றான். "வாயில அப்படி வந்திட்டு."

"வரும்," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. "ஆறு வருசத்துல ஒருக்காவாவது பொண்சாதி எண்டு வாயில வந்தாத்தானே? உம்மாக்கு முன்னால 'இஞ்ச' எண்டு கூப்பிடுற. வாப்பாக்கு முன்னால ஒண்டுமில்ல, இருமுற. மச்சினன் வந்த பொறகு இருமுறதும் இல்ல. இங்கயாவது ஒரு பேர் வைப்பீங்க எண்டு பாத்தன். தங்கச்சி."

"இனி இங்க வர ஏலா என்ன?"

"இனி எங்க வாற. இண்டைக்கு ராவைக்கு உம்மாட முகத்தைப் பாக்கணுமே, அதைச் செல்லுங்க முதல்ல."

அவன் விம்மினான். அவ்வளவு பெரிய உடம்பு, நாளைக்கு நூறு மூட்டை தூக்குகிற தோள். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று மணி ஆக ஐந்து நிமிடம் இருந்தது.

றுக்கியா ராத்தா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஸல்ஹாவின் தோளைத் தொட்டார்.

"மகள், அஞ்சு மணி பஸ்ஸுக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிடக்கு. சோறு மிச்சம் கிடக்கு. போங்க உள்ளுக்கு."

"வேணாம் ராத்தா. இனி என்னத்துக்கு."

"உங்கட அறை. வெளியில நிண்டாலும் உங்கட அறைதான். உள்ள நிண்டாலும் உங்கட அறைதான். போங்க."

அவர்கள் போனார்கள். முதலில் அவள், பின்னால் அவன். ராத்தா வெளியிலிருந்து கதவை மெதுவாக இழுத்துச் சாத்தினார். இரண்டு எட்டு வைத்திருப்பார், கதவு உள்ளிருந்து திறந்தது. ஸல்ஹாதான் திறந்தாள். முழுவதுமாகத் திறந்து, அடிபடாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்தாள்.

"காத்து வரட்டும் ராத்தா," என்றாள்.

கச்சான் மண்ணைத்தான் கொண்டுவந்து கொட்டியது. பாயில் அவர்கள் பீங்கானுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தது தெரிந்தது. முதலில் அவள் கையை வைக்கவில்லை. அவன் சோற்றைப் பிசைந்து, மீனைத் தொட்டு, அவள் பக்கம் தள்ளினான்.

காக்கா மண்டபத்துக் கதவைச் சாத்தி, இனி ஆளெடுப்பதில்லை என்று யாருக்கோ சொன்னார். நான் என் அறைக்குத் திரும்பினேன். போகிறபோது ராத்தா குசினியிலிருந்து ஒரு பலகைக்கட்டையும் கூடை நிறைய ஒட்டி மீனும் கொண்டுவந்து, மூன்றாம் அறை வாசலுக்கு நேரே, முதுகை அறைக்குக் காட்டியபடி உட்கார்ந்தார். வழக்கமாக மீன் வெட்டுவது கிணற்றடியில்தான்.

நான் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தரம் மட்டும், நாலு மணி சுமாருக்கு, ஒரு பெண் அடக்கிக்கொண்டு சிரித்ததுபோல இருந்தது. அழுகையாகவும் இருக்கலாம். அது என்னவென்று பிரித்தறியுமுன்பே, றுக்கியா ராத்தா செதில் சுரண்டுகிற சத்தம் வீடு முழுவதும் பெரிதாகக் கேட்கத் தொடங்கியது. நாலரைக்கு நான் கதவைத் திறந்து பார்த்தபோது, மீன் முடிந்த பிறகும் வெறும் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.